பழைய இழைப்புளிக்குப் புதிய பிடி

மேழி முறிந்தால் உழவர் கலப்பையைக் கழித்துவிடுவதில்லை. வேறு மேழி செய்து பூட்டிக்கொள்கிறார். மண்வெட்டியின் காம்பு ஒடிந்தால் இலையை யாரும் குப்பையில் எறிவதில்லை. ஆனால் இழைப்புளியின் பிடி உடைந்துவிட்டால் மட்டும், அதனைப் பரண்மேல் போட்டுவிட்டு, நாளடைவில் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குக் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடையே இருந்து வருகிறது. இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று. வார்ப்பு இரும்பு உடலும், எஃகு அலகும், பித்தளைத் திருகும் பழுதின்றி இருக்கையில், உள்ளங்கை அகலமுள்ள ஒரு மரத்துண்டு இல்லாத காரணத்தால் தலைமுறைக்கு உழைக்கக்கூடிய கருவி ஒன்று வீணாகின்றது.

நெசவாளருக்கும் உழவருக்கும் இழைப்புளியால் ஆகும் வேலை என்ன என்று கேட்கலாம். தறியில் நாடா ஓடும் பலகை சொரசொரப்பாக இருந்தால் பாவிழை பிசிறெழுந்து அறும். அப்பலகையைச் சீர்செய்வது இழைப்புளியே. நுகத்தடியின் அடிப்பாகத்தில் சிராய் நீட்டிக்கொண்டிருந்தால் மாட்டின் கழுத்து புண்படும். பட்டுப்புழு வளர்க்கும் மனையின் தட்டுச் சட்டம், கதவு, களஞ்சியப் பலகை ஆகிய எல்லாவற்றிற்கும் இக்கருவி வேண்டும். மின்சாரத்தால் ஓடும் இழைப்புளிகள் இன்று பரவியிருப்பினும், ஒரு பலகையில் நூலளவு மட்டும் சீவி எடுக்க வேண்டிய இடத்தில் கை இழைப்புளிக்கு ஈடில்லை. ஆகவே, உடைந்த பிடிக்குப் பதிலாகப் புதுப்பிடி செய்யும் முறையினை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரையை வரைகின்றோம்.

கருவியின் வரலாறு

நம் ஊர்த் தச்சர்களிடம் இன்று காணப்படும் இரும்பு இழைப்புளிகளுள் பெரும்பாலானவை ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அமெரிக்காவில் லியனார்டு பெய்லி என்பவர் 1860-ஆம் ஆண்டுகளில் இவ்வமைப்பைச் சீர்ப்படுத்தி உரிமைப் பதிவுகள் பெற்றார். 1869-ஆம் ஆண்டில் ஸ்டான்லி கம்பெனியார் அவ்வுரிமைகளை வாங்கிப் பெருமளவில் செய்யத் தொடங்கினர். பின்னர் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரிலும், நாளடைவில் நம் நாட்டிலும் இதே அமைப்பில் இழைப்புளிகள் வார்க்கப்பட்டன. கடைக்காரர்கள் 'நான்காம் நம்பர்' என்பது சுமார் 9 அங்குல நீளமுள்ளது. 'ஐந்தாம் நம்பர்' 14 அங்குல நீளமுள்ளது. இரண்டுக்கும் அலகின் அகலம் 2 அங்குலமே.

ஸ்டான்லி இழைப்புளிகளுக்கு நெடுங்காலம் பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தால் பிடி அமைத்து வந்தனர். அம்மரம் அருகிவிட்டமையால் 1992 முதல் நாடுகளுக்கிடையே அதன் வாணிபம் தடுக்கப்பட்டிருக்கிறது. இதுகுறித்து நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அதே வேலையைக் குறைவின்றிச் செய்யும் மரங்கள் நம் தருமபுரி மாவட்டத்துச் சாலையோரங்களிலும் வயல் வரப்புகளிலும் நிற்கின்றன.

பிடி ஏன் உடைகிறது?

மருந்துக்கு முன் நோயின் காரணத்தை அறிதல் வேண்டும். காரணம் அறியாமல் செய்த பிடி மறு ஆண்டே உடையும்.

பிடியின் நடுவே ஓர் இரும்புத் தண்டு செல்கிறது. அதன் கீழ்நுனி வார்ப்பில் திருகப்பட்டிருக்கும். மேல்நுனியில், தலையில் பள்ளமுள்ள ஒரு பித்தளை நட்டு அமர்ந்திருக்கும். திருப்புளியால் அந்த நட்டை இறுக்கினால் பிடி முழுவதும் மேலிருந்து கீழாக அழுத்தப்பட்டு வார்ப்போடு ஒன்றாகிறது.

இனி மரத்தின் ரேகையைக் கவனிப்போம். நல்ல பிடியில் ரேகை இழைப்புளியின் அடித்தட்டுக்கு இணையாக, முன்பின்னாக ஓடும். மேலே பின்புறம் நீண்டிருக்கும் கொம்பும், கீழே முன்புறம் நீண்டிருக்கும் பாதமும் உறுதியாக இருப்பதற்கு இதுவே வழி. ரேகை செங்குத்தாக ஓடுமாயின், கொம்பு ஒரு தட்டில் உதிர்ந்துவிடும். ஆனால் ரேகை இவ்வாறு படுக்கையாக ஓடுவதால், மெலிந்த இடைப்பகுதியில் மரத்திற்குச் சொந்த வலிமை குறைவு. அடுக்கி வைத்த ஏடுகளைப் போல் அது பிளக்கத் தயாராக நிற்கிறது. அவ்வேடுகளைப் பிரியாமல் கட்டி வைத்திருப்பது தண்டின் அழுத்தமே. நட்டு இறுகியிருக்கும் வரையில் பிடி கல்லைப்போல் நிற்கும். நட்டு தளர்ந்தவுடன் பிடி ஆடத் தொடங்கும். ஆடிய பிடி ஒரு நாள் கனமான தள்ளுதலில் இடையிலே முறியும்.

நட்டு தளர்வது எதனால்? மரம் நீளவாக்கில் மிகச் சிறிதே சுருங்கும். ரேகைக்குக் குறுக்கே அதிகமாகச் சுருங்கும். பிடியின் உயரமோ ரேகைக்குக் குறுக்காக அமைந்தது. பங்குனி, சித்திரை மாதங்களில் நம் மாவட்டத்தில் வீசும் வறண்ட காற்று மரத்திலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. 4 அங்குலம், அதாவது சுமார் 100 மில்லிமீட்டர் உயரமுள்ள பிடி, நூற்றுக்கு 2 பங்கு சுருங்கினால் 2 மில்லிமீட்டர் குறைகிறது. இரும்புத் தண்டோ குறைவதில்லை. ஸ்டான்லி அமைப்பின் தண்டில் அங்குலத்துக்கு 20 புரிகள் உள்ளன. ஆகவே ஒரு சுற்றுக்கு நட்டு இறங்குவது 1.27 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் இடைவெளியை அடைக்க ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று வேண்டும். அந்த ஒன்றரைச் சுற்றினை யாரும் திருகாததாலேயே நல்ல பிடிகள் பல முறிந்து போகின்றன. கீழே விழுந்து உடைவது மற்றொரு காரணம். அதற்குக் கவனமே மருந்து.

ஒட்டலாமா, புதிதாகச் செய்யலாமா?

முறிவு புதியதாகவும், இரு துண்டுகளும் சிதையாமலும் இருந்தால் ஒட்டிவிடலாம். முறிந்த முகங்களில் அழுக்கும் எண்ணெயும் இல்லாதபடி துடைத்து, பசை தடவி, தண்டையே இறுக்கும் கருவியாகக் கொண்டு நட்டைத் திருகி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். தண்டில் மெழுகு தேய்த்துக்கொள்ளாவிடில் தண்டும் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கொம்பு காணாமற் போயிருந்தாலோ, முன்பே ஒருமுறை ஒட்டிய இடம் மறுபடி விட்டிருந்தாலோ, புதுப்பிடி செய்வதே முறை.

மரம் தேர்ந்தெடுத்தல்

நம் வட்டாரத்தில் இவ்வேலைக்கு முதன்மையானவை கருவேலமும் புளியுமாகும். வண்டிச் சக்கரத்திற்கும் கலப்பைக்கும் வழிவழியாக உதவி வந்த கருவேலம், அதிர்ச்சியைத் தாங்கும் இயல்புடையது. புளியின் வைரம் கருத்த பழுப்பு நிறமுடையது. அது மிகக் கடினமாதலால் உளியை அடிக்கடி தீட்ட நேரும். ஆனால் கைபட்டுக் கைபட்டு மெருகேறும். பூவரசு இழைப்பதற்கு எளிது. வேம்பும் தேக்கும் போதுமானவை. சீமைக் கருவேலம் கெட்டியானது, சுருக்கமும் குறைவு. எனினும் 5 அங்குல அகலத்தில் வெடிப்பில்லாத நேரான துண்டு அதில் கிடைத்தல் அரிது. பாலக்கோடு, காரிமங்கலம் பகுதிகளில் மாமரம் மிகுதியாக இருப்பினும் அது மென்மரம், வண்டு துளைப்பது, பிடிக்கு ஆகாது.

எம்மரமாயினும் வைரப் பகுதியே வேண்டும். வெளிப்புறத்து வெண்மரத்தைப் பூச்சி அரிக்கும். பச்சை மரம் அறவே கூடாது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு உலர வேண்டும் என்பது மரவேலை செய்வோர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதவர்கள், கழித்துப் போட்ட வண்டிச் சக்கரத்தின் வட்டையையோ, பழைய தறியின் கால்மரத்தையோ, இடித்த வீட்டின் நிலைச்சட்டத்தையோ எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் வெயிலும் காற்றும் கண்ட மரத்தினும் நன்கு உலர்ந்த மரம் வேறில்லை. ஆணி உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துண்டின் அளவு: நீளம் 6 அங்குலம், உயரம் 5 அங்குலம், தடிமன் ஒன்றேகால் அங்குலம். முடிவில் வேண்டிய தடிமன் 1 அங்குலத்துக்குச் சற்று உட்பட்டதே. கூடுதலாக விடுவதன் காரணம் பின்னர் விளங்கும்.

மாதிரி எடுத்தல்

உடைந்த பிடியின் துண்டுகளைச் சேர்த்து ஓர் அட்டையின் மேல் வைத்துச் சுற்றிலும் கோடு இழுக்க வேண்டும். தண்டு செல்லும் வழியையும் அதன் சாய்வையும் அதே அட்டையில் குறித்தல் அவசியம். பழைய பிடி முற்றிலும் தொலைந்துவிட்டதாயின், தண்டை வார்ப்பில் திருகி நிறுத்தி, அட்டையை அதன் பக்கத்தில் பிடித்துத் தண்டின் சாய்வைக் கோடாக வரைந்துகொள்ளலாம். அதே நம்பர் இழைப்புளி மற்றோர் அங்கத்தினரிடம் இருந்தால் அதன் பிடியைப் பார்த்து வடிவத்தைப் பூர்த்தி செய்யலாம்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 'பிடி சிறிது, நான்கு விரலும் அடங்கவில்லை' என்று புதிதாகப் பழகுவோர் குறைகூறுவதுண்டு. இப்பிடி மூன்று விரல்களுக்காகவே அமைக்கப்பட்டது. ஆள்காட்டி விரல் மடங்காமல் முன்னோக்கி நீண்டு அலகின் பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கருவி நேராகச் செல்லும். ஆகவே உயரத்தைக் கூட்ட முற்படலாகாது. தண்டின் நீளம் உயரத்தை முன்னரே வரையறுத்துவிட்டது.

துளை முதலில், வடிவம் பின்னர்

இவ்வேலையின் உயிர்நிலை இதுவே. வடிவத்தை வெட்டிவிட்டுப் பிறகு துளையிட முனைந்தால், வளைந்த பொருளைப் பிடிக்கவும் இயலாது. துளை பக்கவாட்டில் வெளிப்பட்டு வேலை முழுவதும் வீணாகும். துண்டு சதுரமாக இருக்கும்போதே துளையிட்டுவிட வேண்டும்.

அட்டை மாதிரியைத் துண்டின் முகத்தில், ரேகை அடிக்கோட்டுக்கு இணையாக வரும்படி வைத்து, வடிவத்தையும் தண்டின் கோட்டையும் வரைக. தண்டுக்கோடு மேலே முடியும் மூலையை, அக்கோட்டுக்குச் செங்குத்தாக அறுத்துவிட்டால் துரப்பணத்தின் முனை வழுக்காமல் இறங்கும். முதலில் நட்டின் தலை அமர்வதற்கான அகன்ற துளையை வேண்டிய ஆழம் மட்டும் இடுக. அதன் நடுவிலிருந்து தண்டுக்கான நீண்ட துளையை இறக்குக. அகன்ற துளையைப் பின்னால் இட முயன்றால் முனைக்கு நடுப்பிடிப்பு இராது. தண்டின் குறுக்களவு கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. துளை கால் அங்குலத்துக்குச் சிறிது மிகுதியாக இருக்கட்டும். ஒருவர் துளையிட, மற்றொருவர் பக்கத்தில் நின்று சாய்வைப் பார்த்துச் சொல்லுதல் நலம்.

துளை சற்றே ஒருபுறம் ஒதுங்கிவிட்டாலும் கவலையில்லை. ஒன்றேகால் அங்குலத் தடிமன் வைத்தது இதற்காகவே. துளை நடுவில் அமையும்படி இருபுறமும் தக்கவாறு சீவித் தடிமனைக் குறைத்துக்கொள்ளலாம்.

5 அங்குலம் இறங்கும் துளைமுனை இல்லாத ஊர்களில் வேறொரு வழி உண்டு. அரை அங்குலத்துக்குச் சற்று மிகுந்த தடிமனுள்ள இரு பலகைகளை எடுத்து, ஒவ்வொன்றின் உள்முகத்திலும் தண்டுக்கோட்டின் வழியே அரைவட்டப் பள்ளம் செதுக்குக. இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டினால் நடுவே முழுத்துளை தானே அமைந்துவிடும். பசை காயுமுன் மெழுகு தேய்த்த கம்பியொன்றை உள்ளே செலுத்தி இழுத்துவிட்டால் துளை அடைபடாது. நட்டின் தலைக்குரிய இடத்தைப் பின்னர் உளியால் அகலப்படுத்திக்கொள்ளலாம். இவ்விரு பலகைகளிலும் ரேகை ஒரே திசையில் ஓட வேண்டும் என்பது மறக்கத்தகாதது.

அடியைப் பொருத்துதல்

துளை முடிந்தபின் அடிக்கோட்டை வாளால் அறுத்துச் சமமாக இழைக்க வேண்டும். வார்ப்பில் தண்டு ஏறும் இடத்தில் ஒரு சிறு மேடு இருக்கும். அதற்கு இடங்கொடுக்கத் துளையின் கீழ்வாயை உளியால் அகலப்படுத்துக. ஐந்தாம் நம்பர் இழைப்புளியாயின், பாதத்தின் முன்பகுதியில் மற்றொரு சிறு திருகாணிக்கும் துளை வேண்டும்.

இனி, அடி எங்கே தொடுகிறது என்று கண்ணால் பார்த்து அறிய முடியாது. வார்ப்பின் மேல் விளக்குக் கரியைச் சிறிதளவு எண்ணெயில் குழைத்துத் தடவி, பிடியை வைத்து அழுத்தி எடுத்தால் உயர்ந்த இடங்களில் மட்டும் கரி ஒட்டியிருக்கும். அவ்விடங்களைச் சுரண்டிவிட்டு மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கைந்து முறை இவ்வாறு செய்தால் அடி முழுவதும் படியும். ஆடும் அடியின் மேல் எவ்வளவு அழகான பிடியை அமைத்தாலும் அது நிலைக்காது.

அறுத்தலும் உருட்டலும்

வளைவு வாள் இருந்தால் கோட்டின் வெளிப்புறமாக அறுத்தெடுக்கலாம். இல்லையேல், கோடுவரை நெருக்கமாகப் பல வெட்டுகள் போட்டு, இடைப்பட்ட மரத்தை உளியால் தட்டி எடுத்துவிடலாம். வாய்ச்சியால் ஓங்கிச் செதுக்குவது இங்கு ஆபத்து, இடைப்பகுதி பிளந்துவிடும்.

பிடியின் இரு பக்கங்களும் தட்டையாகவே இருக்கட்டும். உருட்ட வேண்டியது முன்விளிம்பையும் பின்விளிம்பையும் மட்டுமே. விளிம்புகளை முதலில் சாய்வாகச் சீவி, அதன்பின் அச்சாய்வின் இரு ஓரங்களையும் சீவினால் உருட்டு தானே வந்துவிடும். முதலில் மர அரம், பிறகு சன்ன அரம், அதன்பின் கண்ணாடிச் சில்லு, இறுதியாக உப்புத்தாள் என்ற வரிசையைக் கைக்கொள்க. அடிக்கடி பிடியைக் கருவியில் வைத்துக் கையால் பிடித்துப் பார்த்தல் வேண்டும். கண்ணுக்கு அழகாயிருப்பது போதாது. நாள் முழுவதும் தள்ளினாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தோல் கன்றாதபடி கொம்பின் கீழ்வளைவு அமைய வேண்டும்.

எண்ணெய் பூசுதல்

வழவழப்பான வார்னீஷ் வியர்வையில் வழுக்கும். நாளடைவில் உரியவும் செய்யும். ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிகுதியைத் துடைத்துவிட்டு ஒரு நாள் உலரவிடுக. இவ்வாறு மூன்று முறை செய்தால் போதும். நட்டுத் துளையின் உட்புறத்திலும் அடியிலும் பூச மறக்கலாகாது. ஈரம் நுழைவது அவ்வழியே. எண்ணெய் நன்கு உலர்ந்த பின்னரே தறி வேலைக்கு எடுக்க வேண்டும். இல்லையேல் கையில் ஒட்டிய கறை நூலில் ஏறும்.

ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றும். நூலும் பஞ்சும் வைத்திருக்கும் வீடுகளில் இதனால் விளையக்கூடிய கேட்டினைச் சொல்ல வேண்டுவதில்லை. துணியை வெளியே கொடியில் விரித்து உலர்த்துக. அல்லது நீரில் அமிழ்த்தி வைக்குக.

பூட்டுதலும் பருவந்தோறும் கவனித்தலும்

பிடியை வைத்து நட்டைத் திருகும்போது, பிடி சிறிதும் ஆடாத நிலை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் மரம் பிளக்கும். பிடி இறுகுமுன்பே நட்டு மேலும் இறங்க மறுத்தால், தண்டின் நுனி நட்டின் உட்கூரையில் முட்டுகிறது என்று பொருள். தண்டின் நுனியை இரண்டொரு புரி அளவு அராவிக் குறைக்கலாம். அல்லது நட்டின் கீழ் ஒரு சிறு வாஷரை இடலாம்.

ஆண்டுக்கு இருமுறை இதனைக் கவனித்தல் போதும். கோடை தொடங்கும்போது நட்டைத் தொட்டுப் பார்த்துத் தளர்வை நீக்குக. ஐப்பசி மழையில் மரம் ஈரத்தை ஏற்றுப் பருக்கும்போது கால் சுற்றுத் தளர்த்துக. அரை நிமிட வேலையாகிய இது, அரை நாள் உழைத்துச் செய்த பிடியைக் காக்கும்.

மர இழைப்புளிக்கு

முழுவதும் மரத்தாலான பழைய இழைப்புளிகளும் சில வீடுகளில் உள்ளன. இவற்றின் பிடி, உடலில் குடைந்த துளையில் கழுந்து இறங்கிப் பொருந்துவது. முறிந்த கழுந்தை உளியால் மெல்ல எடுத்துவிட்டு, புதுப்பிடியின் கழுந்தைத் துளையை அளந்து செய்க. சுத்தியால் தட்டித் திணிக்காமல், கையால் அழுத்தினால் இறங்கும் அளவே சரியானது. இங்கு தண்டின் அழுத்தம் இல்லாமையால், மரத்தின் ரேகை நேராக இருத்தல் மேலும் முக்கியமாகும்.

சங்கம் செய்யத்தக்கது

ஒருவர் ஒரு பிடி செய்வதற்கு ஆகும் ஏற்பாட்டிலேயே மூன்று பிடிகள் செய்துவிடலாம். அட்டை மாதிரியை மெல்லிய பலகையில் வெட்டி, தண்டின் சாய்வையும் துளைகளின் அளவையும் அதன்மேல் எழுதிச் சங்க அலுவலகத்துச் சுவரில் மாட்டி வைத்தால், அடுத்து வருபவருக்குப் பாதி வேலை முடிந்ததாகும். நீண்ட துளைமுனை ஒன்றைச் சங்கம் பொதுவில் வாங்கி வைத்து முறைபோட்டு வழங்கலாம். தனியொருவருக்குப் பாரமாவது பலர் சேர்ந்தால் இலேசாகும் என்பதன்றோ கூட்டுறவின் அடிப்படை!

அங்கத்தினர்கள் இந்த மாதமே தத்தம் பரண்களைப் பார்வையிட்டு, ஒதுக்கிப் போட்ட இழைப்புளி இருப்பின் எடுத்துத் துடைத்து வைக்கக் கோருகின்றோம். பிடி உடைந்ததற்குப் புதுப்பிடி செய்க. உடையாததற்கு, இன்றே நட்டைத் திருகிப் பார்க்க.